கானுல எறங்குற நேரம்

மோட்டார் சைக்கிள் சத்தம் மேல்காட்டு வளைவுல ஒருதடவ கேட்டுச்சு, ஒடனே குன்றுக்குப் பின்னால போயி அமுங்கிருச்சு. வரட்டும். இல்ல, வரவேணாம். இன்னிக்கு மட்டும் சக்கரம் வெடிக்கட்டும், தொரைக்கு வயித்தால போகட்டும், மழ கொட்டட்டும். மழ வேணாம், மழ வந்தா வாளியில இருக்குற பாலு நாசமாப் போயிரும். பூரணம் காண்டா கம்ப வலது தோள்லேருந்து எடது தோளுக்கு மாத்துனா. கம்போட ரெண்டு முனையிலயும் ரெண்டு வாளி, ரெண்டுலயும் கித்தா மரத்து ரப்பர் பாலு, பாக்க பசும்பாலு மாதிரியே இருக்கும், குடிச்சா வயித்துக்குள்ள பந்து உருளும். இருபதடி முன்னால அம்மா போறா, அவ வாளியோட, திரும்பியே பாக்காம. காலைல கெளம்பும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா, "இன்னிக்கு ஒரு நா எறங்கிருடி, ஒன் கால்ல விழுறேன்." பெத்தவ கால்ல விழுறேன்னு சொன்னா பதிலுக்கு என்ன சொல்றது, எந்திரின்னா சொல்றது? பூரணம் ஊரு பூராவும் வாயாடின்னு பேரு வாங்குனவ, வாளியத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டா. செம்மண் சடக்கு வளைஞ்சு வளைஞ்சு எறங்குது. எடப்பக்கம் கான், மழத்தண்ணி ஓடுறதுக்குன்னு வெட்டுனது, ஆனா அதுல தண்ணி ஓடுனத விட ஆளு நின்னதுதான் அதிகம். தொரை வந்தா ஆம்பள தலப்பாவ அவுத்து அக்குள்ல இடுக்கிக்கணும், சைக்கிள்ல வர்றவன் எறங்கி உருட்டணும், கொட வெச்சிருந்தா மழ பேஞ்சாலும் மடக்கணும், எல்லாரும் கானுக்குள்ள எறங்கி தலையத் தொங்கப்போட்டு நிக்கணும், சத்தம் தேஞ்சு மறையிற வரைக்கும். ஜப்பான்காரன் இருந்த மூணு வருசமா வெள்ளக்காரத் தொரையே கெடையாது, கானெல்லாம் புல்லு மொளச்சுக் கெடந்துச்சு. போன வருசம் ஜப்பான்காரன் போனான், தொரை வந்தாரு, வந்த அன்னிக்கே அத்தன காலும் யாரும் சொல்லாம கானுக்குள்ள போயிருச்சு. புல்லுதான் பாவம், மிதிபட்டே செத்துச்சு.

நேத்து தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற கிராணி சைக்கிள்ல வந்தாரு. கழுத்து நீளம், அதனால கொக்கு கிராணின்னு பேரு, அவருக்கு மட்டும் தெரியாது. அவருக்கும் எல்லாரும் கானுல எறங்குனாங்க, பூரணம் எறங்கல. "என்னாடி, காலு கட்டையாப் போச்சா?" "இல்லீங்க கிராணி, கானுல அட்ட கெடக்கு." "பட்டாளத்துல துப்பாக்கி புடிச்ச கையி அட்டைக்குப் பயப்படுதாக்கும்." "துப்பாக்கியக் காட்டுனா அட்ட ஓடாதுங்களே." கானுக்குள்ள குனிஞ்சு நின்ன பத்துத் தலையும் குனிஞ்சாப்புலயே குலுங்குச்சு. அந்தச் சிரிப்புலதான் வந்துச்சு வென. கிராணி சைக்கிள நிறுத்தி, மெதுவா, நல்ல பிள்ள மாதிரி சொன்னாரு, "நாளைக்கு தொரை காட்டச் சுத்திப் பாக்க வர்றாரு. நீ வெள்ளக்காரன எதுத்த பட்டாளத்துல இருந்தவன்னு அவருக்குத் தெரியும். என்கிட்ட நின்ன மாதிரி அவருகிட்ட நின்னியோ, பொழுது சாயறதுக்குள்ள ஒங்க லயத்து வீட்டுல வேற குடும்பம் சோறாக்கும்." யாரும் சிரிக்கல. அம்மா கையிலேருந்து வாளி நழுவுன சத்தம் மட்டும் கேட்டுச்சு. இந்த வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம், பட்டாளத்துல கூட இருந்த லூர்து சொல்லுவா, ஒன் வாய்க்குத் தனியா ஒரு ரேஷன் குடுக்கணும்டின்னு. லூர்து. வேணாம், இப்ப லூர்து வேணாம். சத்தம் கேக்குதா? இல்ல, காத்து. காத்துதானா?

வீடுன்னா என்ன பெரிய வீடு, நீட்டுக் கொட்டாயில ஒரு தடுப்பு, முன்னால அடுப்பு, பின்னால எலி. இதப் புடுங்குனா இன்னொரு தோட்டத்துல இதே மாதிரி எலியோட இன்னொண்ணு கெடைக்கும். ஆனா அம்மாவுக்கு இந்தக் கதவு வேணும். அப்பா இந்தக் கதவத் தொறந்துக்கிட்டுப் போனவரு. சயாமுக்கு ரயில் பாத போடணும், ஆறு மாசம், அரிசி தருவான், துணி தருவான்னு லாரியில ஏத்திட்டுப் போனாங்க. போனவங்கள்ல நாலு பேரு எலும்பா திரும்பி வந்தாங்க, அந்த நாலு பேருக்கும் சடையன்னு ஒரு ஆளத் தெரியல. தெரியலன்னா செத்ததா ஆயிருமா, தெரியலன்னுதான் அர்த்தம், இது அம்மாவோட கணக்கு. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, தபால் தெரியாது, அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் பலாமரத்தத் தாண்டி, கொழாயத் தாண்டி, தகரம் ஒட்டுப்போட்ட கூர. அந்தத் தகரம் பூரா துரு, மழ வந்தா சோத்துக்குள்ளயே ஒழுகுது, மாத்தவிட மாட்டேங்குறா. "அவரு வந்து எதப் பாத்து கண்டுபிடிப்பாரு?" அதனால எறங்கணும். எறங்குனா என்ன, ஒரு அடி பள்ளம், பர்மாவுல ஏறி எறங்காத பள்ளமா. எடது கால மொதல்ல வெக்கணும், வாளி தளும்பாம, அப்புறம் வலது காலு, அப்புறம் தல. காலு எறங்கிரும். தலதான்.

சத்தம். ஆமா, மோட்டார்தான், பாலத்துப் பக்கம். திரும்பவும் அமுங்கிருச்சு. குன்றச் சுத்திச் சுத்தி வர்ற சடக்கு, தொரை எங்க இருக்காருன்னே சொல்ல முடியாது, பர்மாவுல ஏரோப்ளேனும் இப்படித்தான், சத்தம் இங்க இருக்கும், ஆளு அங்க இருப்பான். கணுக்கால்ல குளுகுளுன்னு ஒண்ணு ஊருது, அட்ட. கிராணிகிட்ட பொய்யாச் சொன்ன அட்ட இன்னிக்கு நெசமா வந்துருச்சு. குனிஞ்சு எடுக்க முடியாது, வாளி கவுந்துரும். குடி, ஒனக்காவது வயிறு நெறையட்டும். பட்டாளத்துல என்ன பண்ணுனேன்னு லயத்துப் பொம்பளைங்க கொழாயடியில கேப்பாங்க, எத்தன பேரச் சுட்ட? பூரணம் அளந்துவிடுவா, ஒருநா ஒரு ஏரோப்ளேன சுட்டேன், அது பயந்து மேகத்துக்குள்ள போயி மூணு நா வெளியவே வரல. நெசத்துல அவ சுட்டதெல்லாம் மண்ணு மூட்டையத்தான். மத்தபடி வெங்காயம் உரிச்சா, கட்டு மாத்துனா, நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே தூங்குனா. மூணாம் வகுப்போட பள்ளிக்கொடத்துக்கு முழுக்குப் போட்டவ பட்டாளத்துல சேந்ததே ஒரு கிறுக்கு நெனப்புல. ஜான்சி ராணி பேர்ல பொம்பளைங்களுக்கு ரெஜிமெண்ட்டு, பர்மாவுக்குப் போவுது, பர்மாவுக்குப் போற வழியில சயாம் இருக்கு. அப்பாவத் தேடி அம்மா வாசல்லயே நிக்கட்டும், நாம அந்தப் பக்கத்துலேருந்து தேடிக்கிட்டு வருவோம், நடுவுல எங்கயாவது மாட்டாமலா போயிருவாரு. பதினேழு வயசு. உலகப்படமே பாக்காதவளுக்கு உலகம் ரெண்டு தோட்டம் அகலம்தானே.

முடிய வெட்டுனாங்க. சிங்கப்பூரு கேம்ப்புல சுபேதார் மீசையோட நிப்பாரு, சீக்கியரு, அவரு கத்துறது இந்துஸ்தானி, கேக்குறதுக அத்தனையும் தோட்டத்துத் தமிழச்சிங்க. சாவ்தான்! ஒடம்பு கம்பியா நிக்கணும். தாயினே தேக்! நடந்துக்கிட்டே தலைய வலப்பக்கம் வெட்டித் திருப்பணும், ஆபீசரு அங்க நிப்பாரு, அவரு பதிலுக்கு சல்யூட்டு வெப்பாரு. இதுதான் வரல. தல திரும்புது, கண்ணு கீழ போயிருது. எல்லாவளுக்கும். வலப்பக்கம் ஆபீசருன்னு ஒருத்தரு நின்னா எல்லாக் கண்ணும் அவரு பூட்ஸுலதான் போயி விழுது, அது பொறந்ததுலேருந்து வந்த பழக்கம், கானுல நின்னு நின்னு வந்த பழக்கம். சுபேதாருக்கு வெறி புடிச்சுருச்சு. ஒவ்வொருத்தி தாவாங்கட்டையா புடிச்சுத் தூக்கி, தன் ரெண்டு கண்ணையும் வெரலால காட்டி, இங்க, இங்க. நெருப்ப உத்துப் பாக்குற மாதிரி இருந்துச்சு. லூர்து அழுதுட்டா, "ஒரு ஆம்பள மூஞ்சிய இவ்வளவு நேரம் எங்கப்பா மூஞ்சியக்கூட நான் பாத்ததில்லடி." பூரணத்துக்கு அன்னிக்குத்தான் ஒறச்சுச்சு. ஆபீசருக்கும் ரெண்டு கண்ணு, அதுல ஒண்ணுல பீள, மூக்குல மருவு. இவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருசம் கீழ பாத்தோம்? அந்த நாளுலேருந்து அவ கழுத்துல ஒரு முடுக்கு விழுந்துருச்சு, அப்புறம் அது கீழ எறங்கவே மாட்டேங்குது. எண்ண போட்டுப் பாத்துட்டேன்மான்னு அம்மாகிட்ட சொன்னா, அம்மா சிரிக்கல.

ரயிலு. எங்க சுத்துனாலும் நெனப்பு அங்கதான் போயி முட்டுது, இந்தச் சடக்கு குன்றுல முட்டுற மாதிரி. எல்லாம் தோத்துப்போயி திரும்பி வந்தப்ப, பாதி தூரம் நட, மிச்சம் ரயிலு, அதே சயாம் பாத, எந்தப் பாதையப் போட அப்பாவ ஏத்திட்டுப் போனாங்களோ அதே பாத. சாமான் ஏத்துற பொட்டி, கதவு ஒரு மொழம் தொறந்திருக்கும், சத்தம் போடக் கூடாது, தல நீட்டக் கூடாது, ஏரோப்ளேன் வரும். மடியில லூர்து, காச்சல்ல கொதிக்கிறா, அவ ஜொரத்துக்கு பூரணத்து தொடையே வெந்துருச்சு. ஒரு எடத்துல ரெண்டு யான செத்துக் கெடந்துச்சு. அதத் தாண்டி ஒரு மூங்கில் பாலம், ஆட்டம் கண்டிருந்துச்சு, ரயிலு ஆமயா ஊருது. பாத மேல வேல செஞ்சுக்கிட்டிருந்த ஆளுங்க வெலகுனாங்க. ஒருத்தன் கதவுக்கு நேரா. தல சுத்தின துணிய அவுத்தான், அக்குள்ல இடுக்குனான், சரிவுல ஒரு அடி கீழ எறங்குனான், தலையத் தொங்கப்போட்டான். தமிழன். வேற யாரு அப்படி அக்குள்ல இடுக்குவா? ஜப்பான்காரனுக்குக் குனியிற குனிவு வேற, இது தோட்டத்துக் குனிவு. எடது தோளு எறங்கியிருந்துச்சு, காண்டா தூக்குன தோளு, அப்பாவுக்கும் எடதுதான், ஆனா காண்டா தூக்குன எவனுக்குத்தான் எறங்கல. மொட்ட அடிச்ச தல, முள்ளு முள்ளா ஒட்டு முடி, பூரணம் மேலேருந்து பாக்குறா, உச்சியில ரெண்டு சுழி. ரெட்டச் சுழி. மூஞ்சி? மூஞ்சியக் காட்டலையே. நிமுருய்யா. நிமுந்து ஒருதடவ பாரேன், உள்ள இருக்குறது ஒன் ஊரு பொண்ணுங்கதான், தொரை இல்ல, எங்களுக்கு எதுக்குய்யா கானுல எறங்குற? அம்புட்டும் மனசுக்குள்ள. ஏரோப்ளேன சுட்ட வாயி தொறக்கல. ரயிலு பாலத்து மேல ஏறிருச்சு. லூர்து மறுநா செத்தா. அதுக்கப்புறம்தான் அந்தத் தோளு ஞாபகத்துக்கு வந்து வந்து இடிக்க ஆரம்பிச்சுச்சு.

அப்பா தலையில எத்தன சுழி? இவளுக்குத் தெரியாது. அப்பா ஒசரம், இவ பாத்ததெல்லாம் தாவாங்கட்டையத்தான். அம்மாவுக்குத் தெரியும், சனிக்கெழம சனிக்கெழம அந்தத் தலைக்கு எண்ண தேச்சவ அவதான். ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சுது. ஒரு வருசமா கேக்கல. சோறு போடும்போது கேக்கலாம்னு இருப்பா, சோறு முடிஞ்சிரும். ஒண்ணுதான்னு அம்மா சொன்னா அந்த ஆளு எவனோ, அப்பா திரும்பவும் எங்கேயும் இல்லாமப் போயிருவாரு. ரெண்டுன்னு சொல்லிட்டா? ரெண்டுன்னா அது அப்பாவா இருக்கலாம், நாலடி தூரத்துல இருந்திருக்காரு, மக ரயில்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே வந்துட்டா. இதையும் அம்மாகிட்ட சொல்லணும். அதுக்குப் பயந்துக்கிட்டு ஊருல இருக்குற தலையெல்லாம் எண்ணிக்கிட்டுத் திரியிறா. விடியக்காலைல வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்கு நிக்கும்போது ஆம்பளைங்க தலப்பாவ அவுப்பாங்களா, இவ பின்னால நின்னு உச்சியா பாக்குறா. ரெட்டச் சுழி எத்தன பேருக்கு இருக்குன்னு தெரிஞ்சா மனசு ஆறுமேன்னு. மூணு பேருக்கு இருந்துச்சு. கிராணிக்குப் பாத்தா, சுழி இருந்த எடத்துல வழுக்க, அது சேத்தியா இல்லையான்னு ஒரு நா பூரா ரோசன. பூரணம் ஆம்பளைங்களையே பாக்குறாடின்னு கொழாயடியில பேச்சு. ஆமாண்டி, உச்சந்தலைய. மூஞ்சியப் பாக்கத்தான் எவனும் விடமாட்டேங்குறானே.

படபடபடன்னு சத்தம் வந்து மூஞ்சியில அடிச்சுச்சு. வளைவுல தொரை. காக்கி கால்சட்ட, வெயிலுத் தொப்பி, முருங்கக்காயி முட்டிக்காலு. அவரும் வாலண்டியர் பட்டாளத்துல கேப்டனா இருந்து ஜப்பான்காரன்கிட்ட மாட்டுனவரு, ஜெயில்ல கெடந்தாருங்குறாங்க, சயாமுக்கே கொண்டுபோனாங்கன்னும் சொல்றாங்க, யாரு போயி கேக்குறது. பின்னால தூரத்துல கொக்கு கிராணி சைக்கிள மிதி மிதின்னு மிதிச்சு வர்றாரு. முன்னால அம்மா எப்பவோ கானுக்குள்ள. வாளி தளும்பல, தல தொங்கிருச்சு, கூன் போட்ட முதுகு மட்டும் சடக்கு மட்டத்துக்குத் தெரியுது. தொரை அம்மாவத் தாண்டுறாரு. எறங்கு. எறங்குடி பூரணம். தகரம் ஒட்டுன கூர, கதவு, அப்பா. எறங்குறேன். நெசமாத்தான் எறங்க நெனச்சா, சாமி சத்தியமா எடது காலத் தூக்குனா. தூக்குன காலு கானுல போயி விழல. சடக்குலயே, வலது குதிகாலுக்குப் பக்கத்துலயே டக்குன்னு வந்து சேந்துச்சு. முதுகு கம்பி. தல வலப்பக்கம் வெட்டுச்சு. எவனோ உள்ளேருந்து தாயினே தேக்குன்னு கத்துன மாதிரி. கண்ணு நேராப் போயி தொரை கண்ணுல குத்தி நின்னுச்சு.

தொரையோட வலது கையி கைப்பிடிய விட்டுச்சு. மேல போச்சு. தொப்பி வெளிம்புல வெரல் பட்டு நின்னுச்சு. பட்டாளத்து சல்யூட்டு, முழுசு. வண்டி ஒரு ஆட்டம் ஆடி பத்தடி தாண்டிப் போயி நின்னுச்சு. கையி இன்னும் தொப்பியிலதான் இருக்கு. அவரு அந்தக் கையக் கீழ எறக்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு, வேற யாரோடதையோ பாக்குற மாதிரி. பூரணத்துக்கு பயத்துல சிரிப்பு முட்டிக்கிட்டு வருது, இப்ப சிரிச்சா செத்தேன், கன்னத்து உள்பக்கம் கடிச்சுக்கிட்டா. தொரை திரும்புனாரு. கண்ணு மஞ்சளு, ஒதட்டோரம் ஆறாத புண்ணு. பொறந்ததுலேருந்து இந்தத் தோட்டத்துல கெடக்குறா, தொரை மூஞ்சி இப்படித்தான் இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது.

"நீ யாரு பொண்ணு?" தொரைமாருங்க பேசுற ஒடஞ்ச தமிழு.

"சடையன் பொண்ணுங்க. சயாம் ரயிலுக்குப் போனவரு."

சடையனத் தொரைக்குத் தெரிய நாயமில்ல. பதினஞ்சு வருசம் இதே சடக்குல அப்பா அவருக்கு உச்சந்தலையத்தானே காட்டியிருக்காரு. ஆனா சயாம்னதும் அந்த மஞ்சக் கண்ணு ரெண்டும் எங்கயோ போயிட்டுத் திரும்பி வந்துச்சு.

"எந்தக் கேம்ப்பு?"

அங்க இருந்தவன்தான் அப்படிக் கேப்பான். லயத்துல கேக்குறவங்கெல்லாம் செத்துட்டாரா, வருவாரான்னுதான் கேட்டாங்க. பூரணம் வாயத் தொறந்தா. "தெரியலீங்க." தொரை தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டு வண்டிய ஒதச்சாரு. படபடன்னு மேல ஏறிப் போயிட்டாரு.

கிராணி மூச்சு வாங்க வந்து சேந்தாரு. எல்லாத்தையும் பாத்திருக்காரு, கொக்குக் கழுத்தாச்சே. "நீ... எறங்கல." "எறங்கலீங்க." "ஆபீசுல சொல்லணும்." "சொல்லுங்க கிராணி. தொரை சல்யூட்டு வெச்சதையும் சேத்துச் சொல்லணும்ல?" கிராணி சடக்க மேலயும் கீழயும் பாத்தாரு, வேற எவனாவது பாத்துட்டானான்னு. ரெண்டு வெரலால வேர்வைய வழிச்சாரு. "நான் ஒண்ணும் பாக்கல. போ. போயி பால நிறுத்துப் போடு, கட்டிப் போயிரும். வீட்டுல ஒழுகுதுன்னா தகரத்த மாத்துங்கடி." சைக்கிள்ல ஏறி ஓட்டல, உருட்டிக்கிட்டே போனாரு.

பூரணம் அம்மாகிட்ட நடந்தா. அம்மா இன்னும் கானுக்குள்ளயே, தல தொங்குனபடி. சத்தம் தேயற வரைக்கும் நிமிர மாட்டா, அதனால ஒண்ணும் பாக்கல, இருபதடி தூரத்துப் பேச்சும் காதுல சரியா விழல. "போயிட்டாராடி?" "போயிட்டாரும்மா." "நீ எறங்குனியா?" அம்மா உச்சியில வகிடு நரச்சிருந்துச்சு, ஒத்தச் சுழி. பூரணம் மேலேருந்து பாத்துக்கிட்டே நின்னா. தொண்டையில ஒரு வருசமா கெடந்தது தானா உருண்டு வெளிய வந்து விழுந்துச்சு.

"அம்மா, அப்பா தலையில எத்தன சுழி?"

அம்மா நிமிந்தா. மூஞ்சியில சேறு தெறிச்சிருக்கு. இந்த நேரத்துல என்னாடி கேள்வின்னு திட்டப்போறான்னு நெனச்சா, அம்மா சிரிச்சா, கானுக்குள்ள நின்னுக்கிட்டு, வெக்கப்பட்டு. "ரெண்டு. ரெட்டச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டிம்பாங்க. எண்ண தேய்க்கும்போதெல்லாம் கேப்பேன், எவய்யா அவ இன்னொருத்தின்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டு கமுக்கமா சிரிப்பாரு, பதிலே சொல்ல மாட்டாரு. ஏன் கேக்குற?"

ஊருல மூணு பேருக்கு இருக்கு. யாரோவா இருக்கலாம். தோளு? தோளு எல்லாருக்கும் எறங்கும். ஆனா ரெண்டு யான, அதத் தாண்டி மூங்கில் பாலம், அந்தப் பாலத்துக்கு ஒரு கேம்ப்பு இருக்கும், கேம்ப்புக்கு ஒரு பேரு இருக்கும், அந்தப் பேரு தெரிஞ்ச ஒரே ஆளு அந்தா குன்றச் சுத்திக்கிட்டு இருக்காரு. சத்தம் இன்னும் கேக்குது. பூரணம் காண்டாவ எறக்குனா, ரெண்டு வாளியையும் நடு சடக்குல வெச்சா. "ஏறி வாம்மா, வந்து சொல்றேன்." திரும்பி மேல நடந்தா, மொதல்ல நட, அப்புறம் ஓட்டம், கணுக்கால்ல அட்ட தொங்கத் தொங்க.

"பூரணம்! பாலு கட்டிப் போகும்டி!"

கட்டட்டும்.